புது டெப்: இரவு முழுக்கப் போட்டும் 70 வீதம்தான் ஏறுகிறது என்றால்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் கேட்டது இது. சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பாடம் காட்டுவதற்காக, சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு டெப் வாங்கியிருக்கிறார். மூன்று வாரம் ஆகிறது. பெட்டிக்குள் கட்டையான ஒரு வயர் மட்டும் இருந்தது, சார்ஜர் இல்லை. பிளக் பொயின்ட் எட்டாததால் டவுனில் 2 மீற்றர் வயர் ஒன்று வாங்கி, வீட்டில் கிடந்த பழைய போன் சார்ஜரில் மாட்டியிருக்கிறார். இரவு 9 மணிக்கு 15 வீதத்தில் போட்டால் காலை 5 மணிக்கு 70. சார்ஜில் போடாமல் வைத்தாலோ, தொடாமலே ஒரு இரவில் 30 வீதம் இறங்குகிறது. கடையில் கேட்டதற்கு, "புதுசு அப்படித்தான் இருக்கும் டீச்சர், பத்துத் தடவை முழுசா இறக்கி முழுசா ஏத்துங்க, பெட்டரி செட் ஆகிடும்" என்றார்களாம். பெட்டரி பழுதா, டெப் பழுதா, தோட்டத்துக் கரண்ட்தான் பழுதா என்று கேட்கிறார்.

டீச்சர், நீங்கள் எழுதி அனுப்பிய இலக்கங்களே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டன. ஹட்டனில் போன் திருத்தும் மேசைக்குப் பின்னால் பல வருடம் உட்கார்ந்தவன் நான். "சார்ஜ் ஏறுதில்ல", "சார்ஜ் நிக்குதில்ல" என்று அதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் வருவார்கள். எத்தனை மணிக்குப் போட்டேன், எத்தனையில் எடுத்தேன் என்று குறித்து வைத்தவரைக் காண்பது அபூர்வம். நீங்கள் கணக்கு டீச்சரோ என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, கணக்கையே பார்ப்போம். உங்கள் டெப்பின் பெட்டரி 7040 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இலக்கத்தைத் தனியே வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இந்த வகைப் பெட்டரியின் வோல்டேஜ் சராசரியாக 3.85. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 27 வாட் மணி. பீலியில் தண்ணீர் பிடிக்கும் பீப்பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 27 அதன் கொள்ளளவு. பீப்பாய் நிரம்ப எவ்வளவு நேரமாகும் என்பது பீலியில் விழுகிற தண்ணீரை மட்டும் பொறுத்ததல்ல, பீப்பாயின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்பதையும் பொறுத்தது.

15லிருந்து 70க்கு வந்தது 55 வீதம். அதாவது 8 மணி நேரத்தில் 15 வாட் மணி ஏறியிருக்கிறது. ஆனால் சும்மா இருந்தாலே ஒரு இரவில் 30 வீதம், அதாவது 8 வாட் மணி இறங்குகிற டெப் இது. சார்ஜில் கிடக்கும்போதும் அது சும்மா இருந்திருக்காது. ஒரு பக்கம் ஏற ஏற மறுபக்கம் அதையும் தின்றிருக்கும். ஆகவே உள்ளே போனது 15 அல்ல, 23. அதை 8 மணியால் பிரித்தால் 3 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பழைய போன் சார்ஜர் 5 வோல்ட், 1 ஆம்பியர், அதாவது 5 வாட். வழியில் சூடாகி வீணாவதைக் கழித்தாலும் 4 வாட்டுக்கு மேல் பெட்டரிக்குப் போய்ச் சேர வேண்டும். போகவில்லை. நடுவில் யாரோ ஒரு வாட்டுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே நீங்கள் இரண்டு நோய் என்று எழுதியது ஒரே கணக்குக்குள் வருகிறது: பீலியும் சிறிது, குழாயும் ஒடுக்கம், பீப்பாயிலும் ஓட்டை. பெட்டரியைக் குற்றம் சொல்ல இதில் ஒரு ஆதாரமும் இல்லை. அந்தச் சின்னச் சார்ஜரே ஆனாலும், நல்ல வயர் இருந்து ஓட்டையும் அடைபட்டிருந்தால், ஆறரை மணி நேரத்தில் அடியிலிருந்து முழுதாக நிரப்பியிருக்கும்.

முதலில் வயரைப் பார்ப்போம், ஏனென்றால் என் சந்தேகம் அதன்மேல்தான். டவுனில் நடைபாதையில் தொங்கும் 2 மீற்றர் வயர்களில் பலவற்றுக்குள் இருப்பது தலைமயிர் மாதிரிச் செம்பு. வெளியே ரப்பர் தடிப்பாக இருக்கும், நூல் பின்னியும் இருக்கும், ஆளை ஏமாற்றிவிடும். கரண்ட் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும். எனவே 2 மீற்றர் வயரில் அது நடக்கும் தூரம் 4 மீற்றர். 28 கேஜ் என்கிற மெல்லிய கம்பியில் அந்தத் தூரத்துக்கு ஏறத்தாழ 0.85 ஓம் தடை இருக்கிறது. 1 ஆம்பியர் போனால் 0.85 வோல்ட் வழியிலேயே விழுந்துவிடும். சார்ஜரில் 5 வோல்டாகப் புறப்பட்டது டெப்பின் வாசலில் 4.15 ஆகத் தேய்ந்து நிற்கும். டெப்புக்குள் இருக்கும் சார்ஜ் சில்லு அதைப் பார்த்து, "இந்தச் சார்ஜரால் முடியவில்லை போலிருக்கிறது" என்று எண்ணித் தன் பசியைக் குறைத்துக்கொள்ளும். கடைசியில் 0.6, 0.7 ஆம்பியரில் வந்து நிற்கும். உங்கள் 3 வாட் கணக்கு அங்கேதான் போய் விழுகிறது.

இதைச் சொல்லும்போது என் வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். தொழில் தொடங்கிய புதிதில் மஸ்கெலியாவிலிருந்து ஒருவர் இதே புகாரோடு வந்தார். நான் முதலில் சார்ஜ் பின்னை மாற்றினேன். சரிவரவில்லை. பெட்டரிக்குக் கொழும்புக்குச் சொல்லிவிட்டு, அவரை இரண்டு முறை பஸ் ஏறி வரவைத்தேன். மூன்றாம் முறை வந்தபோது தற்செயலாக என் மேசை வயரில் மாட்டிப் பார்த்தோம், மளமளவென்று ஏறியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. காசைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு யூஎஸ்பி மீட்டர் வாங்கி மேசையில் வைத்தேன். சார்ஜருக்கும் வயருக்கும் நடுவே மாட்டுகிற சின்னச் சாமான் அது. எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் போகிறது என்று திரையில் காட்டும். ஸ்டாஃப் ரூமில் நாலு டீச்சர்மார் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொண்டாலும் நல்லதுதான்.

இன்றைக்கே செய்யக்கூடியது இது: பெட்டியோடு வந்த கட்டை வயரைத் தேடி எடுங்கள். பிளக் பொயின்டுக்கு எட்டாவிட்டால் டெப்பைப் பொயின்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வையுங்கள். நீளம் வேண்டுமென்றால் 230 வோல்ட் பக்கத்தில் நீட்டுங்கள், அதாவது நல்ல எக்ஸ்டென்ஷன் கோட் ஒன்று போடுங்கள். 5 வோல்ட் பக்கத்தில் நீட்டாதீர்கள். 230 வோல்டில் ஒரு வோல்ட் விழுந்தால் யாருக்கும் தெரியாது. 5 வோல்டில் ஒரு வோல்ட் விழுந்தால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது.

அடுத்தது சார்ஜர். உங்கள் டெப் 15 வாட் வரை எடுக்கும். சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் "அவுட்புட்" என்று ஒரு வரி இருக்கும். அங்கே 5 வோல்ட் 1 ஆம்பியர் என்றிருந்தால் 5 வாட், 5 வோல்ட் 2 ஆம்பியர் என்றால் 10 வாட், 9 வோல்ட் 1.67 ஆம்பியர் என்றால் 15 வாட். பெருக்கிப் பார்த்தால் போதும். கடைக்காரர் "ஃபாஸ்ட் சார்ஜர்தான்" என்று சொல்வதைக் கேட்காதீர்கள், அந்த வரியைப் படியுங்கள்.

இங்கே நம் ஆட்கள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. தம்பி கொழும்பிலிருந்து கொண்டு வந்த 67 வாட் சார்ஜர் ஒன்றைப் போட்டால் டெப் பறக்கும் என்று நினைப்பார்கள். பறக்காது, கருகவும் கருகாது. சார்ஜர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் டெப் தனக்குத் தேவையானதைத்தான் எடுக்கும். அதைவிட, சார்ஜரும் டெப்பும் முதலில் தமக்குள் பேசிக்கொள்கின்றன: "உன்னிடம் 9 வோல்ட் இருக்கிறதா?", "இருக்கிறது, தரட்டுமா?" என்று. இந்தப் பேச்சுக்குப் பல பாஷைகள் உண்டு. யூஎஸ்பி பிடி என்பது பொதுப் பாஷை. சில போன் கம்பனிகள் தமக்கென்று தனிப் பாஷை வைத்திருக்கின்றன. அந்தப் போனோடு வந்த பெரிய சார்ஜர் வேறு கம்பனி டெப்போடு பாஷை ஒத்துவராமல், கடைசியில் வெறும் 5 வோல்டைக் கொடுத்துவிட்டு நிற்கும். ஆகவே புதிதாக வாங்குவதென்றால் "யூஎஸ்பி பிடி, 20 அல்லது 25 வாட்" என்று கேட்டு வாங்குங்கள், இரண்டு பக்கமும் டைப் சி உள்ள ஒரு மீற்றர் வயரோடு. நாளைக்குப் போன் மாற்றினாலும் அது உதவும்.

டிவியின் யூஎஸ்பி ஓட்டையிலோ பாடசாலைக் கம்ப்யூட்டரிலோ செருகிச் சார்ஜ் ஏற்றுவதை மறந்துவிடுங்கள். பழைய யூஎஸ்பி 2 ஓட்டையின் அளவு 0.5 ஆம்பியர், வெறும் 2.5 வாட். அது டெப்புக்குத் தாகத்துக்குக்கூடப் போதாது.

ஏறுகிற வேகம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெட்டரி 20 வீதத்துக்குக் கிட்ட இருக்கும்போது திரையை அணைத்துச் சார்ஜில் போட்டு, சரியாக அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். உங்கள் அளவு பெட்டரிக்கு 15 வாட் சார்ஜரில் 22, 23 வீதம் ஏற வேண்டும். 10 வாட் என்றால் 15 வரை. 5 வாட் என்றால் 8 வீதம் ஏறினாலே பெரிது. 80 வீதத்துக்கு மேல் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். நிரம்பப் போகிற நேரத்தில் டெப் வேண்டுமென்றே மெதுவாகத்தான் எடுக்கும். கடைசி 20 வீதம் இழுத்துக்கொண்டு போவது நோயல்ல. 80லேயே நின்றுவிட்டால் பெட்டரியைப் பாதுகாக்கும் செட்டிங் ஒன்று போட்டபடி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்காக ஒருமுறை ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார்.

திரையை அணைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பத்து, பதினொரு அங்குலத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து வீடியோ ஓடவிட்டால் டெப் 4, 5 வாட் தின்னும். 5 வாட் சார்ஜரில் போட்டுக்கொண்டே பிள்ளைகள் பாடம் பார்த்தால் வருகிறதும் போகிறதும் சமம். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அதே வீதம் நிற்கும், "சார்ஜ் ஏறுதில்ல" என்று தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவோம்.

தோட்டத்துக் கரண்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தி ஆறு மணிக்கு மேல் எல்லாக் காம்பராவிலும் விளக்கும் டிவியும் ரைஸ் குக்கரும் ஒன்றாக ஏறும்போது லயத்து லைனில் வோல்டேஜ் இறங்குவது உண்மைதான். காசல்ரீயும் மவுசாகலையும் நம் வாசலில் தேங்கிக் கிடக்க, 1950லிருந்து லக்சபானவில் கரண்ட் எடுத்து நாட்டுக்கே அனுப்ப, பக்கத்து லயத்தில் மட்டும் லைட் மினுங்கும் என்பது தனிக் கதை. ஆனால் உங்கள் சார்ஜ் பிரச்சினைக்கு அது காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. சார்ஜரின் முதுகில் "இன்புட்" வரியைப் பாருங்கள்: 100 முதல் 240 வோல்ட் வரை என்றிருக்கும். 230 வர வேண்டிய இடத்தில் 170 வந்தாலும் அது தன் 5 வோல்டைக் கொடுக்கும். கவனிக்க வேண்டியது வேறு. ஆடுகிற பொயின்ட், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மல்டி பிளக், மூன்று முள் ஓட்டையில் குச்சி விட்டுத் திறந்து இரண்டு முள் சார்ஜரைத் திணிப்பது, இவைதான் ஆபத்து. தொட்டுப் பார்த்துப் பொயின்ட் சூடாக இருந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். பிளக்கும் பொயின்டும் வாங்கும்போது எஸ்எல்எஸ் முத்திரை பார்த்து வாங்குங்கள்.

இடியையும் மறக்க வேண்டாம். ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரம் வானம் கறுத்துக்கொண்டு வந்தால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்ச்சை அணைத்தால் மட்டும் போதாது. அந்த மாதங்களில் என் மேசைக்கு வருகிற செத்த சார்ஜர்களையும், அவற்றோடு சேர்ந்து செத்த போன்களையும் எண்ணி முடியாது.

குளிர் பற்றியும் இரண்டு வார்த்தை. லித்தியம் பெட்டரி குளிரில் சோம்பும். பூச்சியப் பாகைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் நிரந்தரமாகவே கெடும். அதற்கு மேலேயும், குளிர் அதிகமென்றால் பல டெப்கள் தாமாகவே மெதுவாக ஏற்றும். ஜனவரி விடியற்காலையில் நுவரெலியாவில் புல்லின்மேல் உறைபனி விழுகிற இடங்களில் ஜன்னலோரம் வைத்துச் சார்ஜ் போட்டால் வித்தியாசம் தெரியலாம். உங்கள் காம்பராவுக்குள் அவ்வளவு குளிர் இருக்காது. மலைநாட்டில் குளிரைவிட நாம் குளிருக்குச் செய்கிற வைத்தியம்தான் கேடு: டெப்பைச் சார்ஜில் போட்டுக் கம்பளிக்குள் சுற்றி வைப்பது, அடுப்பங்கரை மேடையில் வைப்பது. சூடு ஏறினால் டெப் சார்ஜைக் குறைக்கும், அல்லது நிறுத்திவிடும். பெட்டரியும் கிழடு தட்டும். மேசையில், வெறுமனே, கவரைக் கழற்றி வையுங்கள். வெளியே மூட்டத்தில் நனைந்த பையிலிருந்து எடுத்த டெப்பை உடனே செருகவும் வேண்டாம். சார்ஜ் பின்னுக்குள் ஈரம் இருந்தால் சில டெப்கள் எச்சரிக்கை காட்டிச் சார்ஜை மறுக்கும், சில ஒன்றும் சொல்லாமல் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். அரை மணி நேரம் காற்றாட விட்டால் போதும். மூன்று வாரத்து டெப்பில் பின் அடைபட்டிருக்காது. பிறகொரு நாள் வயர் முழுதாக உள்ளே போகாமல் ஆடினால், டெப்பை அணைத்துவிட்டு மரத்துப் பல்குச்சியால் மெதுவாகத் தூசியை எடுங்கள். ஊசி வேண்டாம்.

இனி ஓட்டை. ஒரு இரவில் 30 வீதம் என்பது, திரை அணைந்திருக்கும் டெப் விடாமல் 1 வாட் தின்கிறது என்று அர்த்தம். ஆரோக்கியமான டெப் எட்டு மணி நேரத்துக்கு 3, 4 வீதம்தான் இறக்கும். அப்படியென்றால் உங்கள் டெப் தூங்கவில்லை, இரவு முழுக்க எதையோ செய்துகொண்டிருக்கிறது. உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என் கண்ணில் பட்டது: "சிம் போட்டிருக்கிறேன், ஆனால் லயத்தில் சிக்னல் இல்லை, கோயில் மேட்டுக்குப் போனால்தான் வரும்." டீச்சர், அதுதான் பாதி ஓட்டை.

டெப்புக்கும் கோபுரத்துக்கும் இடையே நடப்பது மலைக்கு மலை கூவிக் கூப்பிடுவது மாதிரி. பக்கத்தில் இருந்தால் மெல்லப் பேசலாம். நடுவில் ஒரு மலை மறைத்தால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். 4ஜி கருவி ஒன்று அதிகபட்சமாக 0.2 வாட் பலத்தோடு கத்தலாம். ஆனால் அந்த 0.2 வாட்டை வெளியே விடுவதற்கு உள்ளே அதைப்போலப் பல மடங்கு செலவாகும். சிக்னல் அறுந்து போனால் சும்மா இருக்காது, எல்லா அலைவரிசையிலும் மாறி மாறித் தேடும். கிடைக்கும், ஒட்டும், அறுந்துபோகும், மறுபடி தேடும். பள்ளத்து லயங்களில் இரவு முழுக்க இந்தக் கூத்துத்தான். கொழும்பில் பெட்டரி ஒன்றரை நாள் நின்ற அதே போன், தீபாவளிக்கு ஊருக்கு வந்ததும் பின்னேரத்தோடு செத்துவிடுகிறது என்று பிள்ளைகள் சொல்வதன் இரகசியமும் இதுதான். சிக்னல் எவ்வளவு என்று கோடுகளை எண்ணிப் பார்ப்பதைவிட, செட்டிங்ஸில் டெப்பைப் பற்றிய பக்கத்துக்குள் சிம் நிலை என்று இருப்பதைத் திறந்து பாருங்கள். அங்கே சிக்னலின் பலம் டிபிஎம் என்ற அலகில் இருக்கும். கழித்தல் 85 டிபிஎம் அளவில் இருந்தால் நல்லது, கழித்தல் 110க்கு அப்பால் என்றால் டெப் கத்திக்கொண்டிருக்கிறது.

மீதிப் பாதி ஓட்டை, நீங்கள் அறியாமல் பின்னால் நடக்கும் வேலை. புது டெப்பில் கூகுள் கணக்கைப் போட்டவுடன் பழைய போனில் இருந்த படம், செயலி, தொடர்பு எல்லாம் இறங்கும், செயலிகள் அப்டேட் ஆகும், சிஸ்டமும் அப்டேட் கேட்கும். நல்ல இணைப்பு இருந்தால் இரண்டு மூன்று நாளில் முடிகிற வேலை இது. "புதுசு அப்படித்தான்" என்று கடைக்காரர் சொன்னதில் உண்மை இருந்தால் அந்த இரண்டு மூன்று நாளுக்கு மட்டும்தான். உங்கள் ஊர்ச் சிக்னலில் அது முடியவே முடியாது. 200 எம்பி அப்டேட் ஒன்று 40 வரை இறங்கும், அறுந்துபோகும், மறுபடி முதலிலிருந்து. அதனால்தான் மூன்று வாரமாகியும் உங்கள் டெப் இன்னும் முதல் நாளிலேயே நிற்கிறது.

அதற்கு வழி, ஒரு சனிக்கிழமை டவுனில் நல்ல வைஃபை உள்ள உறவுக்காரர் வீட்டுக்கு டெப்பை எடுத்துக்கொண்டு போய், சார்ஜில் போட்டு, எல்லா அப்டேட்டையும் முடித்துவிடுவது. பிறகு ஒருமுறை அணைத்துப் போடுங்கள். படங்களின் பேக்அப் வைஃபையில் மட்டும் நடக்கட்டும் என்று மாற்றுங்கள். செயலி அப்டேட்டையும் அப்படியே. வீட்டுக்கு வந்ததும், இரவில் ஃப்ளைட் மோட். டேட்டாவை மட்டும் அணைத்தால் போதாது. டேட்டா இல்லாவிட்டாலும் சிம் கோபுரத்தைத் தேடிக்கொண்டேதான் இருக்கும். சொல்லப் போனால் லயத்தில் சிக்னலே இல்லாத இடத்தில் டெப்புக்குள் சிம் எதற்கு? அதைக் கழற்றி வைத்துவிட்டு, வேண்டும்போது கோயில் மேட்டில் போனின் ஹொட்ஸ்பொட்டில் பிடிக்கலாம். 2020இலும் 2021இலும் பாடசாலை மூடியிருந்தபோது நம் பிள்ளைகள் சிக்னலுக்காக மேட்டிலும் பாறையிலும் ஏறி உட்கார்ந்து படித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அன்றைக்கு அது வேறு வழியில்லாத கொடுமை. இன்றைக்குக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் இருக்கும் பாடங்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் சிக்னல் உள்ள இடத்தில் ஒரே தடவையில் இறக்கி வைத்துக்கொண்டால், வகுப்பறையில் ஃப்ளைட் மோடிலேயே பாடம் நடத்தலாம். வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து, இறக்கிய பாடத்தை ஓடவிட்டால் இதே பெட்டரி ஒரு பாடசாலை நாளைத் தாராளமாகத் தாங்கும்.

இதெல்லாம் செய்த பிறகு இரண்டு இரவு சோதனை செய்யுங்கள். முதல் இரவு ஃப்ளைட் மோட், சார்ஜ் இல்லை, வைஃபை இல்லை. படுக்கும்போது எத்தனை, எழும்பும்போது எத்தனை என்று எழுதுங்கள். இரண்டாம் இரவு சிம்மோடு, வழக்கம்போல. முதல் இரவில் 4, 5 வீதத்துக்குள் இறங்கி, இரண்டாம் இரவில் அதைப்போலப் பல மடங்கு இறங்கினால் பெட்டரி நல்லது, குற்றவாளி மலை. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது கூடையின் எடையைக் கழித்துத்தானே கிலோ போடுகிறார்கள். அந்த மாதிரி சிக்னலின் எடையைக் கழித்துவிட்டுத்தான் பெட்டரியை நிறுக்க வேண்டும்.

ஃப்ளைட் மோடிலும் 10 வீதத்துக்கு மேல் இறங்கினால் செட்டிங்ஸில் பெட்டரிப் பக்கத்தில் எந்தச் செயலி மேலே நிற்கிறது என்று பாருங்கள். போனைச் சுத்தம் செய்கிறேன், பெட்டரியைக் காப்பாற்றுகிறேன் என்று விளம்பரம் காட்டுகிற செயலி ஏதாவது போட்டிருந்தால் முதலில் அதைத் தூக்குங்கள். நான் பார்த்தவரை பெட்டரியை அதிகம் தின்றவற்றில் பெட்டரியைக் காப்பாற்ற வந்தவையும் உண்டு.

கடைக்காரர் சொன்ன பத்துத் தடவை வைத்தியத்தைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். அது நிக்கல் காட்மியம் பெட்டரி காலத்துப் பேச்சு. லித்தியம் அயன் பெட்டரியை 1991இல் சோனி விற்பனைக்கு விட்டது. அன்றைக்கே அந்தப் பேச்சுக்கு வேலை முடிந்தது. இந்தப் பெட்டரியை ஒவ்வொரு தடவையும் அடிமட்டம் வரை இறக்குவது அதன் ஆயுளைத் தின்பதுதான். வீதக் கணக்குத் தாறுமாறாக ஓடினால், உதாரணமாக 20இல் நின்றுகொண்டு திடீரென்று அணைந்தால், ஒரே ஒரு தடவை முழுதாக இறக்கி முழுதாக ஏற்றலாம். அது பெட்டரிக்கல்ல, டெப் தன் அளவுகோலைச் சரிபார்த்துக்கொள்வதற்கு. மற்ற நாட்களில் 20க்கும் 80க்கும் இடையே வைத்தால் போதும்.

பவர் பேங்க் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய பிறகு எல்லார் வீட்டிலும் ஒன்று வந்துவிட்டது. 10,000 என்று எழுதியதில் உள்ளே 37 வாட் மணி இருக்கிறது. வோல்டேஜை மாற்றும்போது போவது போக டெப்புக்குள் சேர்வது 24 அளவில். உங்கள் டெப்பை ஒரு தடவை முழுதாக நிரப்ப அது கொஞ்சம் போதாது. சட்டைப் பைக்குள் அடங்குகிற, காற்று மாதிரி எடையுள்ள ஒன்றில் 50,000 என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கடைக்கு எப்போது போக வேண்டும்? 15 வாட் சார்ஜரும் கட்டை வயரும் போட்டு, திரையை அணைத்து வைத்தும் அரை மணியில் 10 வீதம்கூட ஏறாவிட்டால். ஃப்ளைட் மோடில் இரவுக்கு 10க்கு மேல் இறங்குவது அணைத்துப் போட்ட பிறகும் மாறாவிட்டால். சார்ஜில் போடும்போது கையில் வைத்திருக்க முடியாத சூடு வந்தால். திரை விளிம்பில் தூக்கிக்கொண்டு நின்றால் மட்டும் சோதனை ஒன்றும் வேண்டாம். பெட்டரி வீங்குகிறது என்று அர்த்தம், சார்ஜ் போடாமல் அப்படியே கொண்டு போங்கள். போகும்போது பில், பெட்டி, உங்கள் இலக்கங்கள் எழுதிய தாள், மூன்றும் கையில் இருக்கட்டும். வொரன்டி கடையுடையதா, கம்பனி ஏஜென்டுடையதா என்று பில்லில் பாருங்கள். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். வொரன்டிக் காலத்தில் என்னைப் போன்றவனிடம் டெப்பைத் திறக்கக் கொடுத்துவிடாதீர்கள், ஸ்டிக்கர் கிழிந்தால் உரிமையும் போய்விடும். சிம் போடும் டெப் என்பதால் பெட்டியில் 15 இலக்க ஐஎம்இஐ, அதாவது கருவியின் அடையாள இலக்கம், இருக்கும். ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தை எழுதி 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்த டெப்பா என்று பதில் வரும். கடை கையை விரித்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் சொல்லலாம். அவ்வளவு தூரம் போக வேண்டி வராது என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் அந்தக் கட்டை வயரைத் தேடி எடுங்கள் டீச்சர். அரை மணிச் சோதனையையும் இரண்டு இரவுக் கணக்கையும் எழுதி அனுப்புங்கள். ஹட்டன் பக்கம் வந்தால் டெப்பைச் சுமந்து வர வேண்டாம். அந்த 2 மீற்றர் வயரை மட்டும் கொண்டு வாருங்கள், மீட்டரில் போட்டுப் பார்த்துவிடலாம்.